ஜெபசீலன் வீட்டு மேஸ்திரி

ஜெபசீலனுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம் ஆனது. அதுவரைக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. ஆள் மேல் குற்றம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை. வாய்தான் ஜாஸ்தி. பெண் பார்க்கப் போன வீட்டில் காபியைக் குடித்துவிட்டு, "உங்க காபித் தூள்ல புளியங்கொட்டை கலந்திருக்குது, கடையை மாத்துங்க" என்று பெண்ணின் அப்பனிடமே சொல்லிவிட்டு வருவான். நல்லதுக்குத்தான் சொல்வான். எவன் கொடுப்பான் பெண்ணை?

நானும் அவனும் ஆம்பூரில் ஒரே டேனரியில் வேலை. நான் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டுகிறவன். அவன் சவ்வு சீவுகிறவன். சுண்ணாம்புக் குழியில் ஊறி வந்த தோலை மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் அதில் ஒட்டியிருக்கிற சவ்வையும் கொழுப்பையும் சீவித் தள்ள வேண்டும். பொழுதுக்கும் குனிந்த முதுகு. புதுசாக வருகிறவன் அந்த நாற்றத்துக்கு வாந்தி எடுப்பான். ஜெபசீலன் அங்கேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு எறும்பை நசுக்க மாட்டான். செத்த மாட்டுத் தோலோடு இத்தனை வருஷம் புரண்டவனுக்கு, உயிரோடு இருக்கிற எதையும் கொல்லக் கை வராது. எங்கள் மேஸ்திரி சத்தார் பாய், "நீ பூக்கடையில வேலைக்குப் போக வேண்டியவன்டா, வழி தப்பி இங்க வந்துட்டே" என்பார்.

எமர்ஜென்சி எல்லாம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும், சபையில் பேசி அவனுக்குத் தேவகிருபையை முடித்து வைத்தார்கள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா வேலை. அந்தம்மாவுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அதுவே முதலில் பேசியது. "நான் வேலையை விட மாட்டேன். அது சம்மதம்னா மேல பேசுங்க." ஜெபசீலன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினான். அவன் வாயைத் திறக்காத ஒரே பெண் பார்க்கிற சமாச்சாரம் அதுதான். அதனால்தான் கல்யாணம் முடிந்தது.

முடிந்தது, ஆனால் குடித்தனம் நடக்கவில்லை. அதற்குக் காரணம் எலி.

டேனரிக்குப் பின்னால் ஐந்து வீடு உள்ள லைன். நடுவில் ஜெபசீலன், ஒரு பக்கம் நான் ஒண்டிக்கட்டை, இன்னொரு பக்கம் கோவிந்தம்மா அக்கா. எங்கள் பின்சுவருக்கு அந்தண்டை கம்பெனியின் கடுக்காய் குடோன். தோல் பதம் போடுகிற கடுக்காயும் பட்டையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். கடுக்காயை எலி தின்னாது. ஆனால் மூட்டைச் சந்தில் குட்டி போடும். சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரும். கல்யாணமான வாரமே தேவகிருபையின் கால் கட்டைவிரலை எலி கடித்துவிட்டது. ரத்தம் பார்த்து அலறுகிற பொம்பளை இல்லை அது. எழுந்து உட்கார்ந்து விரலைக் கட்டிக்கொண்டு, காலையில் புருஷனிடம் சொன்னது:

"இங்க பாருங்க. நாயோட இருக்கச் சொல்லுங்க, பேயோட இருக்கச் சொல்லுங்க, இருக்கறேன். எலி இருக்கிற வூட்ல நான் குடித்தனம் பண்ண மாட்டேன். எலி என்னைக்குப் போவுதோ அன்னைக்கு நான் ஹாஸ்டலை விட்டு வர்றேன். அதுவரைக்கும் சனிக்கிழமை வருவேன், ஞாயித்துக்கிழமை போவேன்."

அதிலும் ஒரு கஷ்டம் பாருங்கள். எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஆஸ்பத்திரியில் தேவகிருபைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரில் அந்தம்மா வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை இவன் விடிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு அப்படியே கத்தியைப் பிடிக்க ஓடிவிடுவான். அது பகல் முழுக்கக் காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு எலியோடு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் வண்டியேறிவிடும். கல்யாணமாகி ஒரு வருஷம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பகல் சாப்பாடு சாப்பிட்டார்களா என்பதே சந்தேகம்.

ஜெபசீலன் எலியை ஒழிக்கக் கிளம்பினான். மருந்து வைக்க மனசு வரவில்லை. பொறி வைத்தான். மாட்டியதைப் பொறியோடு சைக்கிளில் வைத்துப் பாலாற்று மணலுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான்.

"யோவ், அது உனக்கு முன்னாடி வூட்டுக்கு வந்து சேர்ந்துடுச்சுய்யா" என்றேன்.

"போப்பா. இது வேற எலி."

"எப்படித் தெரியும்?"

"மொகத்தைப் பார்த்தா தெரியாதா?"

பூனை கொண்டுவந்தான். ஆம்பூர்ப் பூனை எலி பிடிக்குமா? பிரியாணிக் கடை வாசலில் பிறந்து எலும்பு தின்று வளர்ந்த ஜாதி. எலி எதிரில் வந்தால் வழி விட்டது.

அப்போதுதான் காசி வந்தான். ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரத்து இருளன். முன்னே பாம்புத் தோல் கொண்டுவந்து ஒரு வியாபாரியிடம் போட்டுக்கொண்டிருந்தான். கவர்மெண்ட் பாம்புத் தோல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் அந்தப் பொழைப்பு போயிற்று. நெல்லு வயலில் எலி வளை தோண்டிப் பிடித்துக் கொடுத்துக் காலம் தள்ளினான். ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடையில் ஜெபசீலன் அவனை வளைத்துக்கொண்டான்.

"காசி, என் வூட்டு எலியைப் பிடிச்சுக் குடேன்."

"வயல் எலின்னா வளையைத் தோண்டணும். உன் வூட்டைத் தோண்டட்டா?"

"தோண்டினா வூட்டுக்காரன் என்னைத் தோண்டிடுவான்."

காசி டீயை உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் யோசித்தான். "ஆளு வேணாம்பா. ஒரு சாரையை வுடு. விசம் கெடையாது. அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை சாக்குப் பையில் வந்து இறங்கியது சாரை. என் கையைவிட நீளம் என்று சொன்னால் போதாது. நானே அதற்குப் பக்கத்தில் படுத்தால் என் காலுக்குக் கீழே அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். பழுப்பு மஞ்சள், வால் பக்கம் கருப்புப் பட்டை, பெரிய உருண்டைக் கண்ணு. நான் வாசலைத் தாண்டி நடுத்தெருவில் நின்றேன். ஜெபசீலன் மட்டும் உள்ளே நின்று அதோடு பேசினான்.

"வா, வா. பயப்படாதே. இது உன் வூடுதான். வெளிய நிக்கிறவன் அருணகிரி. பார்க்கத்தான் அப்படி, ஒன்னும் பண்ண மாட்டான்."

பின்னறையில் உடைந்த தண்ணீர்ச் சால் ஒன்றைப் படுக்கப் போட்டு, உள்ளே கோணியைத் திணித்து அதற்கு வீடு கட்டினான். ஒரு வாரத்தில் எலி சத்தம் கம்மியாயிற்று. இன்னொரு வாரத்தில் என் வீட்டிலேயே இல்லை. சாரை ஒரு எலியை முழுங்கும், சாலுக்குள் போய்ச் சுருண்டு நாலைந்து நாள் அசையாது. பிறகு எழுந்து வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். அதைப் பார்த்துவிட்டு ஜெபசீலன் அதற்கு "மேஸ்திரி" என்று பேர் வைத்தான். விஷயம் டேனரிக்குப் போகாமல் இருக்குமா?

சத்தார் பாய் கத்தி மரத்துப் பக்கம் வந்து நின்றார். "ஏன்டா ஜெபசீலா, பாம்புக்கு என் பேரை வச்சிருக்கியாமே?"

"உங்க பேரு சத்தார் பாய் இல்லீங்களா பாய்? அதுக்கு மேஸ்திரின்னுதான் வச்சேன்."

"மேஸ்திரின்னா யாரு?"

"ஒரு சுத்து சுத்திட்டுப் போய்ப் படுக்கறவங்க பாய்."

அன்றைக்கு அவனுக்கு இரண்டு ஆள் சீவ வேண்டிய தோலைக் கொடுத்துச் சீவ வைத்தார்.

கோவிந்தம்மா அக்காவுக்குப் பாம்பு என்றால் சாமி. வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணி தெளித்து, கிண்ணத்தில் பால் வைத்துக் கும்பிட்டுப் போகும். மேஸ்திரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த உதவாக்கரைப் பூனை வந்து குடித்துவிட்டுப் போகும். காலிக் கிண்ணத்தைப் பார்த்து அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சபைப் போதகர் ஒரு நாள் ஜெபம் பண்ண வந்தார். மண்டி போட்டவர் கண்ணில் சால் பட்டது, சாலுக்குள் மேஸ்திரியின் தலை பட்டது. கண்ணைத் திறந்துகொண்டே முழு ஜெபத்தையும் முடித்த போதகரை அன்றைக்குத்தான் ஜெபசீலன் பார்த்தானாம். ஆதாமையும் ஏவாளையும் பற்றி வாசலில் நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த தடவை ஜெபத்தை டீக்கடைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

தெருவுக்கே தெரிந்தது. தெரியாதது தேவகிருபைக்கு மட்டும்தான்.

"சொல்லிடுய்யா" என்றேன்.

"எலிக்கே வரமாட்டேன்னவ. பாம்புன்னா சபையில சொல்லி தாலியைக் கழட்டிடுவா. எலி போச்சு, மருந்து வச்சேன்னு சொல்லியிருக்கேன். மூணு மாசம் பார்க்கறேன், அப்புறம் வர்றேன்னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் நீதான் காப்பாத்தணும்."

காப்பாற்றுவது என்றால் என்ன? சனிக்கிழமை மத்தியானம் சாலின் வாயில் துணியைக் கட்டி என் வீட்டுக்குத் தூக்கிவருவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் கிளம்பியதும் திரும்பத் தூக்கிப் போவான். அந்த ராத்திரி முழுக்க நான் கட்டிலில் குந்தியபடியே தூங்குவேன். மேஸ்திரி நன்றாகத் தூங்கும். கோவிந்தம்மா அக்காவும் வாயைத் திறக்கவில்லை. "கும்பிடற சாமியைப் போய்க் காட்டிக் குடுப்பனா?" என்றது.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஜெபசீலனுக்கு ஒன்று போதவில்லை.

வெயில் ஏற ஏற மேஸ்திரிக்குத் தொந்தி வைத்தது. தீனி கம்மி, தூக்கம் ஜாஸ்தி. "நிஜ மேஸ்திரி ஆயிடுச்சுப்பா" என்று முதலில் சிரித்தான். அப்புறம் ஒரு நாள் பரணில் கரக் கரக் என்று சத்தம் கேட்டது. ஜெபசீலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தேவகிருபை சொன்ன மூன்று மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான்.

"இன்னொரு சாரை வேணும்" என்றான்.

அன்றைக்குத் தெருக் குழாயடியில் பெரிய கூட்டமே நடந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. சாரை என்றால் ஆம்பளை. அதற்குப் பொண்டாட்டி நல்ல பாம்பு. சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன் என்று சொல்லாத ஆள் இந்த ஜில்லாவில் இல்லை. எனக்கும் அப்படித்தான் தெரியும். ஜெபசீலனுக்கும் அப்படித்தான்.

"இன்னொன்னுன்னா இன்னாடா?" என்றது கோவிந்தம்மா அக்கா. "ரெண்டு ஆம்பளையை ஒரு சாலுக்குள்ள வுட்டா அடிச்சிக்கினு சாவும். ஜோடின்னா நாகம்தான். நாகத்தை லைன்ல கொண்டாந்து வுடப் போறியா?"

"ஐயோ, இல்லக்கா. சின்னதா, சாதுவா ஒரு சாரை. சண்டை போடாத குணமா."

"பாம்புல குணம் பார்த்து எடுக்கறியா? நீ பொண்ணு பார்த்த லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை காசியைப் பிடித்தான். "இன்னொன்னு வேணும் காசி. ஆனா இதுகூட சண்டை போடக் கூடாது."

காசி ஒரு மாதிரி பார்த்தான். "சண்டை எதுக்குப் போடுது? தோதா ஜோடி பார்த்துக் கொண்டாறேன்."

ஜோடி! ஜெபசீலன் டீ கிளாசை வைத்துவிட்டான். "வேணாம், வேணாம். ஜோடி எல்லாம் வேணாம். நான் சொல்லி அனுப்பறேன், இப்ப வராதே."

"நீ சொல்றது ஒன்னும் விளங்கலபா. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வர்ற வேலை இருக்குது, வர்றேன்" என்று காசி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். ஜெபசீலன் ஒரு வாரம் சோறு தின்னவில்லை. ஒரு பக்கம் எலி, ஒரு பக்கம் நாகம், நடுவில் தேவகிருபை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் சாலைத் தூக்க ஓடினான். நான் என் வீட்டில் கட்டிலைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தேன். "அருணகிரி" என்று ஒரு குரல். குரலா அது? கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

போய்ப் பார்த்தேன். சாலுக்குள் மேஸ்திரி சுருண்டிருந்தது. துணியைக் கொண்டுபோனால் சீறியது. இதுவரைக்கும் சீறியதே இல்லை. அதன் சுருளுக்குள் வெள்ளை வெளேரென்று முட்டை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு குவியல்.

ஆம்பளைப் பாம்பு. முட்டை. அப்படியென்றால் போட்டது யார்?

"நாகம் வந்திருக்குதுப்பா" என்றான் ஜெபசீலன். "வந்து முட்டையைப் போட்டுட்டு, இவனைக் காவலுக்கு வச்சிட்டு, இங்கயே எங்கயோ இருக்குது."

கோவிந்தம்மா அக்கா வந்து எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு சொன்னது: "பொண்டாட்டி எங்கயோ, புருஷன் காவலு. உன் வூட்ல இருந்து உன் புத்தியே வந்திடுச்சு பாரு அதுக்கும்."

விஷயம் டேனரிக்குப் போயிற்று. சத்தார் பாய் பத்துப் பதினைந்து ஆளோடு வந்தார், கையில் மண்ணெண்ணெய் டின், கம்பு. நாகத்தைத் தேட வேண்டும் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொன்றாகத் தெருவில் எடுத்து வைத்தார்கள். கட்டில், பாய், அரிசி டின், குண்டான், கல்யாண போட்டோ, பைபிள், தேவகிருபையின் புதுச் சேலை இரண்டு. பின்னறைக்குள் மட்டும் யாரும் போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் தேடினார்கள். நாகம் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அதிக பயம்.

"முட்டையையாவது நசுக்கிக் கொளுத்திடலாம்" என்றார் சத்தார் பாய். "பொரிஞ்சா லைனே காலி."

ஜெபசீலன் பின்னறை வாசலில் குறுக்கே நின்றான். "வேணாம் பாய். முட்டை இன்னா பண்ணுச்சு?"

"நகருடா. வூட்டுக்காரம்மா வர்ற நேரம். நாகத்து மேல காலை வச்சா யாரு பதில் சொல்றது?"

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் தேவகிருபை. ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறது. தன் வீடு முழுக்கத் தெருவில் கிடக்கிறது, அதைச் சுற்றி ஊரே நிற்கிறது. இரண்டடி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அருணகிரிண்ணா, அவருக்கு இன்னா ஆச்சு? சொல்லுங்கண்ணா."

"ஒன்னும் ஆகல தங்கச்சி. நல்லாத்தான் இருக்கான்."

"அப்புறம் ஏன் பாயைத் தூக்கி வெளிய போட்டிருக்கீங்க?"

ஆளாளுக்குக் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். கடைசியில் ஜெபசீலனே வெளியே வந்தான். அவன் வாய் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்யவில்லை. எலி என்றான், காசி என்றான், மேஸ்திரி என்றான். மேஸ்திரி என்றதும் அந்தம்மா சத்தார் பாயைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வழியாகச் சாரை, முட்டை, நாகம் எல்லாம் வெளியே வந்தது.

தேவகிருபை கையிலிருந்த பையைக் கட்டில் மேல் வைத்தது. "எத்தனை மாசமா?"

"எலி போனதிலிருந்து."

"சனிக்கிழமை நான் வந்தப்ப எல்லாம் எங்க இருந்துச்சு?"

ஜெபசீலன் என்னைப் பார்த்தான். நான் டேனரிப் புகைபோக்கியைப் பார்த்தேன்.

"டார்ச்சைக் குடுங்க" என்றது.

"உள்ள போகாதேம்மா, நாகம்" என்று நாலு பேர் கத்தினார்கள். பிரசவ வார்டில் வேலை செய்கிறவர்கள் சத்தத்துக்கு அசைவார்களா? செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனது. ஜெபசீலன் பின்னாலேயே ஓடினான். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

சாலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிக் குந்தி டார்ச்சை அடித்தது. மேஸ்திரி தலையைத் தூக்கியது, சீறியது. தேவகிருபை அசையவில்லை. ரொம்ப நேரம் பார்த்தது. போன வாரம் நாலு விரல் தடிமனாக இருந்த வயிறு ஒட்டிப்போய், இரண்டு பக்கமும் தோல் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாங்களும்தான் அதைப் பார்த்தோம். பட்டினி என்று நினைத்தோம்.

தேவகிருபை எழுந்து வெளியே வந்தது.

"யாரு சொன்னது இது ஆம்பளைன்னு?"

"சாரைன்னா ஆம்பளைதாம்மா" என்றது கோவிந்தம்மா அக்கா. "எங்க முப்பாட்டன் காலத்துலருந்து..."

"இருங்கக்கா. தினமும் இருபது பேரைப் பார்க்கறவ நான். அது பெத்த உடம்பு. வயிறு சரிஞ்சு கிடக்குது பாருங்க. அப்படியே ஆம்பளைன்னே வைங்க. எந்த ஆம்பளை புள்ளையைச் சுத்திப் படுத்துக்கினு சோறு தண்ணி இல்லாம கிடப்பான்? எங்க வார்டுல வாசல்ல பீடி பிடிச்சுக்கினு நிப்பானுங்க, 'ஆச்சா, ஆச்சா'ன்னு எட்டிப் பார்ப்பானுங்க. அதுக்கு மேல எந்த ஆம்பளையும் வந்து நான் பார்த்ததில்ல." ஜெபசீலன் பக்கம் திரும்பியது. "உங்க மேஸ்திரி பொம்பளை."

கூட்டத்தில் எவனோ முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும். சத்தார் பாய் மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா, இத்தனை ஆளு முன்னாடியா" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் ஜெபசீலன் மெள்ளச் சொன்னான்: "கிருபை, பொய் சொன்னது தப்பு. காலையில கொண்டுபோய் ஏரிக்கரையில விட்டுடறேன். நீ மட்டும் வரமாட்டேன்னு சொல்லிடாதே."

"இன்னா மனுஷன்யா நீங்க?" என்றது அது. அப்போதுதான் நிஜக் கோபம் வந்தது. "பெத்த மறுநாளே எழுப்பி ரோட்ல விடுவீங்களா? உங்களை அப்புறம் பேசிக்கறேன். சாமானை எல்லாம் உள்ள வைங்க."

வைத்தோம். ஆனால் லைன் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளையோ ஆம்பளையோ, பாம்பு முட்டை பாம்பு முட்டைதான். பகலில் ஜெபசீலன் டேனரியில் இருக்கிறபோது எவனாவது வந்து நசுக்கிவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காசி சாக்குப் பையோடு வந்து, குவியலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் ஆவும் பொரிய" என்றான்.

"இது பொண்ணுன்னு ஏன்யா சொல்லல?" என்று நான் அவன் மேல் பாய்ந்தேன்.

"யாராவது கேட்டீங்களா? பிடிக்கறப்பவே ஜோடியோட சுத்தினு இருந்துச்சு. தோதா ஜோடி கொண்டாறேன்னேன், அதுக்கே இந்தாளு டீயை வச்சிட்டு ஓட்றான்." பையைத் தூக்கிக் காட்டினான். "இதோ, ஆண் சாரை."

"நாப்பது நாளைக்கு எந்த ஆணும் அவ மொகத்துல முழிக்கக் கூடாது. எடுத்துனு போ" என்றது தேவகிருபை. காசி சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தேவகிருபை வழக்கம்போல வண்டியேறிப் போனது. வார்டில் யாரிடமோ பேசி நைட் டூட்டிக்கு மாற்றிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கியது. சாயங்காலம் வேலைக்குப் போகும், காலையில் வரும், பகல் முழுக்கச் சாலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்கும். ஜெபசீலன் ராத்திரி முழுக்க அதே பாயில் தூங்குவான். காலையில் ஸ்டேஷனில் நின்று சாவியைக் கொடுப்பான், அது வாங்கிக்கொண்டு போகும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில். ஆனால் வேலை நாளில் பார்த்துக்கொண்டது பிளாட்பாரத்தில்தான்.

"பாய்ல அவ சூடு ஆறாம இருக்குதுப்பா" என்பான் என்னிடம். அதற்கே அவ்வளவு சந்தோஷம்.

ஆடி பிறந்து ஒரு மத்தியானம் தேவகிருபை டேனரி கேட்டுக்கே ஓடி வந்துவிட்டது. நாங்கள் போவதற்குள் லைன் பூராவும் பின்னறை ஜன்னலில். முட்டைத் தோலைக் கிழித்துக்கொண்டு ஒன்றொன்றாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. நசுக்கு, கொளுத்து என்றவர்கள்தான் முன்வரிசை. "அந்த மூலையில ஒன்னு கஷ்டப்படுது பாரும்மா" என்று சத்தார் பாய் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு கத்தினார். "கை வைக்காதீங்க பாய், அதுவே வரும்" என்றது தேவகிருபை. கோவிந்தம்மா அக்கா ஒரு சொட்டுக்கூடப் பயமில்லாமல், "எல்லாம் சாரை, ஒன்னுகூட நாகம் இல்ல" என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, ஏதோ முதலிலிருந்தே அதுதான் சொன்ன மாதிரி.

குட்டிகளைக் காசி பானையில் எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் விட்டான். மேஸ்திரி பின்சுவர் ஓட்டை வழியாகக் கடுக்காய் குடோனுக்குள் போய்விட்டது. காசி திரும்பவும் அந்த ஆண் சாரையைக் கொண்டுவந்தபோது சத்தார் பாயே, "குடோன்லயே விடு, எலி கோணியை எல்லாம் கடிக்குது" என்று உத்தரவு போட்டார். ஜெபசீலன் ஆசைப்பட்ட இரண்டாவது பாம்பு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை. சால் காலி. காவல் காக்க ஒன்றும் இல்லை. தேவகிருபை இனி எதற்கு இங்கே வரும்? பொய் சொன்னதைப் பற்றி அந்தம்மா "அப்புறம் பேசிக்கறேன்" என்றது பாக்கி இருக்கிறது. இன்னும் பேசவில்லை. கேட்கவும் இவனுக்குத் தைரியம் இல்லை. வாய் வாய் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கியவன், ஒரு வாரம் பொண்டாட்டியிடம் சாவியைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினான். "ஸ்டேஷனுக்கு வாப்பா. நேத்து சாவி வாங்கறப்ப, 'நாளைக்கு ஒரு ஆளைக் கூட்டினு வாங்க'ன்னு சொல்லிட்டுப் போனா. சபைப் பெரியவங்க யாரையாவது கூட்டினு வரச் சொல்றாளோ? எனக்கு நீதான் தெரிஞ்ச ஆளு."

பாசஞ்சர் வந்து நின்றது. தேவகிருபை வாசல் படியிலேயே நின்றிருந்தது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. பின்னால் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி, அதன் மேல் சுருட்டிய படுக்கை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் ஸ்டவ்.

"பார்த்துக்கினு நிக்கிறீங்களே, வண்டி கிளம்பப் போவுது, பிடிங்க" என்றது.

நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சுண்ணாம்புத் தோல் தூக்குகிற கையே வலித்தது. இறக்கி வைத்ததும் ஜெபசீலன் பெட்டியையே பார்த்தான். அந்தம்மா ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டே வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க என்னமோ கேட்க வேண்டுமே என்று கேட்டான்:

"இன்னாம்மா இவ்வளவு கனம்? உள்ள இன்னாதான் இருக்குது?"

"பயப்படாதீங்க. உயிரோட ஒன்னும் இல்ல. நான் உங்களை மாதிரி கிடையாது."

ரிக்ஷா வேண்டாம் என்று பெட்டியைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டான். அது படுக்கையை எடுத்துக்கொண்டது. எனக்கு வாளி. ஸ்டேஷன் ரோடு முழுக்க, பெட்டிக்கு அடியிலிருந்து அவன் வாய் நிற்கவே இல்லை. இந்த வாளி மோசம், பிடி உடைஞ்சிடும், வாங்கின கடையை மாத்து என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்தம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தது.